வளைவு பிறகு, முதலில் வரத்துக்கால்வாய்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

வெளியூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் குழுவில் வந்த புத்தாண்டு வாழ்த்து மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். இந்த ஆண்டு ஊருக்கு என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு நுழைவாயில் வளைவு என்று ஆறு பேரும், மந்தையில் உயர்கோபுர விளக்கு என்று நான்கு பேரும் எழுதியிருக்கிறீர்கள். வளைவின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன் நாம் பணம் அனுப்பி நட்ட இருநூறு மரக்கன்றுகளை யாராவது நினைத்துப் பார்த்தீர்களா? நட்ட அன்று எடுத்த படம் பலருடைய கைபேசியில் இன்னும் இருக்கும். போன பொங்கலுக்குப் போனபோது எண்ணிப் பார்த்தேன். பதினேழு இருந்தன. அவையும் டீக்கடை அக்கா பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றியதால் பிழைத்தவை. யாரையும் குறை சொல்லவில்லை. அன்று பொருளாளராக இருந்தவனே நான்தான்.

ஆகவே என் புத்தாண்டுத் தீர்மானம் செலவில்லாதது. ஊரில் எதையும் கட்டுவதற்கு முன், இருப்பதை ஒருமுறை காலால் நடந்து பார்ப்பது.

இந்த யோசனை வந்த இடம் நம் ஊர் இல்லை. ஓமானின் நிஸ்வா நகரில் எனக்குப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடத்தில் ஃபலஜ் தாரிஸ் என்ற பாசனக் கால்வாய் ஓடுகிறது. ஓமானின் ஐந்து ஃபலஜ் கால்வாய்களை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் இதுவும் ஒன்று. நான் முதன்முதலாகப் போய்ப் பார்த்தது சென்ற ஆண்டுதான், அதுவும் ஊரிலிருந்து வந்த மைத்துனருக்குச் சுற்றிக் காட்ட. பம்பு கிடையாது. நிலத்தடி நீர் வெறும் சரிவிலேயே தோட்டம் வரை வருகிறது. பங்கை அளவு வைத்துப் பிரிப்பதில்லை, நேரம் வைத்துப் பிரிக்கிறார்கள். ஏறக்குறைய அரை மணி நேரப் பங்குக்கு 'அதர்' என்று பெயர். பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்துக் கணக்குச் சொல்வார்களாம். கால்வாயை நிர்வகிப்பவருக்கு வக்கீல் என்று பெயர். கருப்புக் கோட்டு வக்கீல் அல்ல. மைத்துனர் அரை மணி நேரம் கால் நனைத்துவிட்டு, "நம் ஏரிக்கும் இப்படி ஆள் வைத்திருந்தார்களே மாமா, இப்போது யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதனால் போன தை மாதம், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், சித்தப்பாவை அழைத்துக்கொண்டு ஏரிக்கு நீர் வரும் வழியைத் தேடிப் போனேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் வேன்கள் உருண்டோடியதை எல்லோரும் படத்தில் பார்த்தோம். அங்கே ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். அந்த வாரம் நம் ஊரிலும் கொட்டித் தீர்த்தது. கீழத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஏரி மட்டும் பாதி கூட நிரம்பவில்லை. நிரம்பிக் கோடி வழியாக வழிந்து போவது எங்கே! ஏன் என்று நடந்தபோதுதான் விளங்கியது. கரட்டடியில் தொடங்கும் வரத்துக்கால்வாய் முதல் முந்நூறு அடிக்கு நன்றாகவே இருக்கிறது. பிறகு வேலிக்காத்தான் முட்புதர். அதற்குள் குனிந்து போனால் மாந்தோப்புக்காரர் போட்ட மண்பாதை, அதன் அடியில் ஒரே ஒரு குழாய். தார்ச்சாலைச் சிறுபாலத்தின் கண் முழுவதும் பிளாஸ்டிக் பையும் கோழிக்கடைக் கழிவும். தண்ணீர் அங்கே முட்டித் திரும்பித் தெருவுக்குள் இறங்கியிருக்கிறது. சித்தப்பா ஒரு குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு, "இது நான்கு ஆள் இரண்டு நாள் வேலை" என்றார். நம் வளைவுக்கான மதிப்பீடு எவ்வளவு என்பதை இங்கே எழுதவில்லை.

திரும்பும் வழியில் ஏரிக்கரை வேடியப்பன் சாமியிடம் நின்றோம். சிறு வயதில் எத்தனையோ முறை கும்பிட்ட கல். அன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன். இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், காலடியில் சிறிதாக ஒரு மாடு. தலைக்கு மேல் எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் வரிவரியாக ஏதோ எழுத்து. நம் பக்கத்து வேடியப்பன்களில் பல நடுகற்கள்தான். கவர்ந்து போன ஆநிரையை மீட்கப் போய் மாண்டவனுக்கு வைத்தவை. கல்வெட்டில் அந்த ஆநிரையைத் 'தொறு' என்பார்கள். நம் கல்லும் அப்படித்தான் இருக்க வேண்டும். அதன் இடுப்புவரை யாரோ பச்சை எனாமல் பூசியிருக்கிறார்கள். கும்பாபிஷேக உற்சாகம். நகத்தால் சுரண்டிப் பார்க்கக் கை நீட்டினேன். "தொடாதே, கண்ணைக் குத்திவிடும்" என்று சித்தப்பா அதட்டினார். தொல்லியல்காரர்கள் சொல்வதும் ஏறக்குறைய அதேதான்: சுரண்ட வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம், இடம் மாற்ற வேண்டாம். படம் எடுத்துக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் காட்டலாம் என்றிருக்கிறேன்.

கால்வாய்க்கு வருகிறேன். கிராம வரைபடத்தில் அது ஓடைப் புறம்போக்காகக் குறிக்கப்பட்டிருக்கிறது. வரைபடத்தின் நகலை இந்த வாரம் குழுவில் போடுகிறேன். மாந்தோப்புக்காரர் நமக்கு அங்காளி பங்காளி. மனு, வழக்கு என்று போகாமல், குழாய்க்குப் பதில் அகலமான பாலமாகப் போட்டுக்கொடுத்தால் அவரே சம்மதிப்பார் என்பது என் எண்ணம். மற்றதைக் கிராம சபையில் வைக்க வேண்டும். ஜனவரி 26 அன்று கூடுகிறது. இப்போது மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆண்டுக்கு ஆறு முறை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் யாரும் பேசலாம். இந்தக் குழுவில் ஒருமுறையாவது கிராம சபையில் உட்கார்ந்தவர்கள் கை தூக்குங்கள். நான் தூக்கவில்லை. பெங்களூரு, ஓசூரில் இருப்பவர்கள் அன்று ஒரு நாள் வந்துபோக முடியும். எங்களைப் போல் விமான டிக்கெட் பார்க்க வேண்டியதில்லை.

இன்னொன்று. இரண்டு மாதம் முன் இங்கே ஒரு டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர் சிரித்தார். பல்லைப் பார்த்ததும், "தருமபுரிப் பக்கமா?" என்று கேட்டேன். பென்னாகரம் என்றார். என் பல்லைப் பார்த்து அவரும் சிரித்தார். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் ஃப்ளோரைடு பல்லில் விட்ட அந்தப் பழுப்புக் கறைதானே நம் தலைமுறையின் ஊர் அடையாளம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்த பிறகு பிள்ளைகள் தப்பிக்கிறார்கள். ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் ஊர் இன்னும் ஆழ்துளைக் கிணற்றுக்குத்தான் போகிறது. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஏரிக்கரை நல்ல தண்ணீர்க் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் தனித்தனிப் பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கலாம். பாட்டில் மேல் எந்தக் கிணறு என்று எழுதிவிடுங்கள். போன முறை எழுதாமல் கொண்டுபோய் நான் திட்டு வாங்கினேன்.

பொங்கலுக்கு வருகிறவர்கள் 17ஆம் தேதி காலை ஆறரைக்கு மந்தைப் புளியமரத்தடிக்கு வாருங்கள். கரட்டடியில் தொடங்கிக் கோடி வரை நடப்போம், இரண்டு மணி நேரம் ஆகும். முடிந்ததும் சித்தப்பா வீட்டில் களியும் கீரையும். அவர் வரப்பில் வெறுங்காலோடு நடக்கச் சொல்வார். கேட்காதீர்கள், வேலிக்காத்தான் முள் கிடக்கிறது.

அன்புடன்,
மேட்டுத் தெரு ஓட்டு வீட்டு நடுமகன்
நிஸ்வா