ஜாஷ் கிப்சன்: 800 ஹோம் ரன் எங்கே போச்சு?

கேள்வி: அமெரிக்க பேஸ்பால் வீரர் ஜாஷ் கிப்சனுக்கு கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழரங்கில் உள்ள பலகையில் கிட்டத்தட்ட 800 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போன்ற அடி) என்று இருக்கிறது. அதிகாரபூர்வக் கணக்கில் 200 கூட இல்லையே, ஏன்?

பதில் 1: பலகை, லீக்குக்கு வெளியே ஊர் ஊராகப் போய் ஆடியதையும் சேர்த்துச் சொல்கிறது. மேஜர் லீக் (அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்) 2024-இல் ஏற்றுக்கொண்டது 1920–48 காலத்து ஏழு கறுப்பர் லீக்குகளின் ஆட்டங்களை மட்டும். லீக் ஆட்டங்களோ எண்ணிக்கையில் குறைவு. அதனால் மொத்தத்தைப் பார்க்காதீர்கள், பேட்டிங் சராசரியை, அதாவது வாய்ப்புகளில் ஹிட் அடித்த விகிதத்தை, பாருங்கள்: .372. அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபையே தாண்டியாச்சு!

பதில் 2: ஆட்ட விவரம் பெரும்பாலும் 'சிகாகோ டிஃபெண்டர்', 'பிட்ஸ்பர்க் கூரியர்' போன்ற கறுப்பர் வாரப் பத்திரிகைகளில்தான். பல ஆட்டங்களுக்கு ஸ்கோர் மட்டுமே; பேட்டர் வாரியான அட்டவணை கிடையாது. அட்டவணை இருந்தாலும் வீரரின் கடைசிப் பெயர் மட்டும், அதுவும் எழுத்துப்பிழையோடு. கிடைத்த அட்டவணையைச் சரிபார்க்க ஒரு வழி: ஓர் அணியில் பேட் பிடிக்க வந்த மொத்தத் தடவை = எடுத்த ரன் + ரன் எடுக்காமல் பேஸிலேயே நின்றுபோனவர்கள் + எதிரணி எடுத்த அவுட். இடிக்கிறதென்றால் பெரும்பாலும் வாக் (நான்கு தவறான பந்துக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) விட்டுப்போயிருக்கும்.

பதில் 3: எண்ணை விடுங்கள். 1947-இல் இறந்தவரின் கல்லறைக்கு 1975 வரை பெயர்க்கல்லே இல்லை.