முர்னாவின் படங்களுக்குத் திரும்பியபோது: அனுபவப் பகிர்வு

நாகர்கோவிலிலிருந்து:

2002-ஆம் ஆண்டு வாக்கில், நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு மொட்டை மாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டி நடத்திய காட்சியில்தான் ஜெர்மானிய இயக்குநர் எஃப். டபிள்யூ. முர்னாவ் எடுத்த ஊமைப்படமான 'நோஸ்ஃபெராட்டு'வை (1922) முதன்முறை பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிடச் சிரித்தேன் என்று சொல்வதே நேர்மையாக இருக்கும். எல்லோரும் குடுகுடுவென்று ஓடினார்கள். வெயில் வெளிச்சத்தைக் கண்டால் அழிந்துபோகும் என்று கதை சொல்லும் ரத்தக்காட்டேரி, பட்டப்பகலில் சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் நடந்தது. பழைய படம், அன்றைக்கு இவ்வளவுதான் முடிந்திருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த முடிவுக்காக நான் கூடுதலாகவே வெட்கப்பட வேண்டும். ஏனென்றால் மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டூடியோவின் டார்க் ரூமில் பல ஆண்டுகள் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கழுவிப் பிரிண்ட் போட்டவன் நான். பிரிண்ட் கெட்டால் படம் என்ன ஆகும் என்பது தெரிந்திருந்தும், குற்றத்தை எடுத்தவர் தலையில் போட்டேன்.

இந்த ஆனி மாதம், சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், நிறம் மீட்கப்பட்ட பிரதியைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அக்காலப் படச்சுருளின் உணர்திறன் குறைவு என்பதால் இரவுக் காட்சிகளைப் பகலிலேயே எடுத்து, பின்னர் சுருளுக்கு நீலச் சாயம் ஏற்றுவார்கள். நீலம் வந்தால் இரவு என்பது அன்றைய பார்வையாளருக்குத் தெரியும். நாங்கள் பார்த்தது சாயம் போன பிரதி. சவப்பெட்டியோடு அந்த ரத்தக்காட்டேரி, ஓர்லோக் பிரபு, நடந்த தெரு நீலமானவுடன், அதே நடை, அதே வெறிச்சோடிய சந்து, ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேகத்தின் கதையும் இதுவே. ஊமைப்படங்கள் இன்றைய நொடிக்கு 24 சட்டக வேகத்தைவிடக் குறைவான வேகத்தில் ஓடுவதற்காக எடுக்கப்பட்டவை; அதைக் கணக்கில் கொள்ளாமல் ஓட்டினால் மனிதர்கள் எல்லோரும் பதறி ஓடுவார்கள். ஆனால் முர்னாவ் வேண்டுமென்றே வேகமாக்கிய இடம் ஒன்று உண்டு: கதைநாயகன் ஹுட்டரை ஓர்லோக்கின் கோட்டைக்கு ஏற்றிச் செல்லும் குதிரை வண்டி. மற்றவர்கள் இயல்பாக நடக்கும் உலகத்தில் அந்த வண்டி மட்டும் வெட்டி வெட்டிப் பாய்ந்து வரவேண்டும். எல்லாமே ஓடிய எங்கள் பிரதியில் அந்த வேறுபாடு செத்துப்போயிருந்தது. அதற்கடுத்துக் காட்டு வழியை நெகட்டிவாகவே காட்டுகிறார்: கறுத்த வானம், வெளுத்த மரங்கள். ஈர நெகட்டிவைச் சிவப்பு விளக்கில் தூக்கிப் பிடித்து, தெரிந்தவர் முகமே அந்நியமாகத் தெரிவதைத் தினமும் கண்டவன் நான். அந்தச் சங்கடத்தை ஒருவர் எனக்கு முன்பே பயமாக்கி வைத்திருக்கிறார்.

இந்தப் படத்துக்கு மூலமான பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான். சூரிய ஒளி பட்டு அழிவது இந்தப் படத்தின் சேர்க்கை. நாவலுக்கு உரிமை வாங்காமல் எடுத்ததால் ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்து, பிரதிகளை அழிக்கும்படி 1925-இல் தீர்ப்பும் பெற்றார். தப்பிய பிரதிகளால்தான் நமக்குப் படம் கிடைத்தது.

முர்னாவின் பயம் இருட்டு மூலையில் இல்லை, திறந்த வெளியில் இருக்கிறது என்பதே இம்முறை எனக்குப் பட்டது. கொடை விழாக்களில் வில்லுப்பாட்டில் கேட்ட நீலிப் பேயின் கதையும் அப்படித்தான். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்கள் நடுவில் நின்று அல்லவா அவள் நியாயம் கேட்கிறாள்! 'ஃபௌஸ்ட்' (1926) படத்தில் சாத்தான் ஊருக்கு மேலே மலைபோல் எழுந்து மேலங்கியை விரிக்கும் காட்சியையும் இதோடு சேர்த்துப் பார்த்தேன். அங்கேயும் ஊர் முழுக்கத் தெரிகிறது, ஒளிந்துகொள்ள மூலை இல்லை.

ஒன்றை மட்டும் இன்னும் ஏற்க முடியவில்லை. ஓநாய் மனிதன் என்று பயமுறுத்திவிட்டு ஒரு கழுதைப்புலியைக் காட்டுகிறார்கள். எந்த நிறம் ஏற்றினாலும் அது பாவப்பட்ட மிருகமாகத்தான் தெரிகிறது.

குளச்சலிலிருந்து:

அண்ணாச்சி, நீங்கள் கடலை விட்டுவிட்டீர்கள். ஹுட்டரின் மனைவி எல்லன் கணவனுக்காகக் காத்திருக்கும் மணல்மேட்டில் சிலுவைகள் சாய்ந்து நிற்கும் காட்சியை நான் கைப்பேசியில்தான் பார்த்தேன். ஆனாலும் நிறுத்தி வைத்துவிட்டு எழுந்து வெளியே போனேன். கடலுக்குப் பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம் உள்ள ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு அதில் கலை அலங்காரம் எதுவும் தெரியாது, நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தியோடு நின்ற மணல்தான் தெரியும்.

அதைவிட என்னை உலுக்கியது, மாலுமிகள் எல்லோரும் இறந்தபின் கப்பல் தானாகவே துறைமுகத்துக்குள் வருவது. நான் சிறுவனாக இருந்தபோது ஆளில்லாத வள்ளம் ஒன்று எங்கள் கரையில் ஒதுங்கியது. அவ்வளவு பேர் கூடியிருந்தும் யாரும் பேசவில்லை. வலை உள்ளே அப்படியே இருந்தது. முர்னாவ் அந்த இடத்தில் பேயைக் காட்டவில்லை, வெறும் கப்பலைத்தான் காட்டுகிறார்.

நாகர்கோவிலிலிருந்து:

தம்பி, நீங்கள் எழுதியபின் அந்தக் காட்சியை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன். கப்பல் ஓரத்திலிருந்து மெல்ல நுழைந்து, எதிர்க்கரை வீடுகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே நகர்கிறது. அன்று மொட்டை மாடியில் இதையும் பார்த்திருக்கத்தான் வேண்டும், ஆனால் நினைவில் துளியும் இல்லை. அந்தப் பிரதியில் அது விசைப்படகு மாதிரி விர்ரென்று போயிருக்கும்.