பேர்கன் நகரின் பிரிகன் துறை: முகப்பு வரிசைக்கு அப்பால் பார்க்க என்ன இருக்கிறது?

வழிப்போக்கன் (கேள்வி):
வணக்கம். ஜூன் இறுதியில் என் தாயாருடன் நார்வே செல்கிறேன். பேர்கனில் எங்களுக்குக் கிடைப்பது ஒரு பிற்பகலும் மறுநாள் முற்பகலும்தான். பழைய துறைமுகப் பகுதியான பிரிகனை மையமாக வைத்தே திட்டமிட நினைக்கிறேன், ஆனால் ஓர் ஐயம் தடுக்கிறது. 1979ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இந்த இடத்தின் வீடுகள் 1702ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பிறகு கட்டப்பட்டவை என்றும், 1955இல் மீண்டும் ஒரு பகுதி எரிந்துபோனது என்றும் படித்தேன். அப்படியானால் இதை இடைக்காலத் துறைமுகம் என்று அழைப்பது எந்த அளவுக்குப் பொருந்தும்? கரையோரம் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் போதுமா, உள்ளே செல்ல ஏதாவது இருக்கிறதா? தாயாருக்கு முழங்கால் வலி உண்டு என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

நெய்தல்:
பேர்கனில் சில ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இந்த மரவீடுகளின் மரம் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அமைப்பு அதைவிட மிகப் பழையது. ஒவ்வொரு தீக்குப் பிறகும் வணிகர்கள் அதே மனையில், அதே குறுகிய சந்துக்கு இருபுறமும், அதே முறையில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டினார்கள். எரிந்த இடிபாடுகள் கடலில் தள்ளப்பட்டதால் கரைதான் சிறிது சிறிதாக முன்னோக்கி நகர்ந்தது. ஆகவே இங்கே பழமையைத் தேட வேண்டியது சுவரில் அல்ல, மனைப்பிரிவில்.

ஒரு மனை முன்னால் குறுகியும் பின்னால் நீண்டும் கிடக்கும். துறையை ஒட்டி அலுவலும் குடியிருப்பும், அதற்குப் பின்னால் வரிசையாகக் கிடங்குகள், கடைக்கோடியில் தீயிலிருந்து விலைமதிப்புள்ளவற்றைக் காக்கக் கல்லால் கட்டிய நிலவறை. லூபெக் முதலிய ஜெர்மன் நகரங்களின் வணிகக் கூட்டமைப்பான ஹன்சாவைச் சேர்ந்த வணிகர்கள் 1360 வாக்கில் இங்கே தங்கள் அலுவலகத்தை நிறுவினார்கள். வடக்கே லோபோடன் பகுதியிலிருந்து காட் மீன், உப்பே இடாமல் குளிர்காற்றில் மட்டும் உலர்த்திய கருவாடாகப் படகில் வந்தது. வணிகர்கள் அதற்கு ஈடாகத் தானியமும் மாவும் கொடுத்தார்கள். தானியத்தை முன்கூட்டியே கடனாகக் கொடுத்துவிடுவதால், அடுத்த ஆண்டு மீனையும் அதே வணிகரிடமே கொண்டுவந்து சேர்க்க வேண்டிய கட்டாயம் வடபகுதி மீனவருக்கு ஏற்பட்டது. அழகான முகப்புகளுக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த கடன் கணக்கு அது. இங்கே தங்கியிருந்த ஜெர்மானியர் அனைவரும் ஆண்கள். மணம் செய்துகொள்ள அவர்களுக்கு அனுமதியில்லை. வீடுகளுக்குள் நெருப்பு மூட்டவும் தடை இருந்தது. பேர்கன் குளிர்காலத்தில் அது என்ன வாழ்க்கையாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்துக்கொண்டு சந்துகளில் நடந்தால், கரையிலிருந்து எடுக்கும் படத்தில் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைக்கும்.

கடற்பறவை:
மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் எதிர்பார்ப்பை ஓரளவு குறைத்துக்கொள்வது நல்லது. முன்வரிசைக் கதவுகளில் பெரும்பாலானவை நினைவுப்பொருள் கடைகளுக்கும் உணவகங்களுக்கும்தான் திறக்கின்றன. கப்பல் பயணிகள் இறங்கும் நாட்களில் நடுப்பகலில் சந்துக்குள் நகரவே முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: மீன் சந்தைப் பக்கமிருந்து நடந்து வந்தால், முதலில் நிற்கும் ஃபின்னகார்டன் என்ற மரவீட்டைக் கடந்ததும் வருகின்ற செங்கல் கட்டடங்கள், 1901இல் பழைய மரவீடுகளை இடித்துவிட்டு அதே கூர்ங்கூரை வடிவத்தில் எழுப்பப்பட்டவை. பலர் அவற்றையே ஹன்சா வீடுகள் என்று நம்பிப் படமெடுக்கிறார்கள். முதல் முறை சென்றபோது நானும் அப்படித்தான் செய்தேன்.

வழிப்போக்கன்:
இருவருக்கும் நன்றி. சந்துகளுக்கு மாலையைத் தேர்ந்தெடுப்பதே சரி என்று தோன்றுகிறது. 1955இல் எரிந்த பகுதியில் இப்போது என்ன இருக்கிறது?

பழஞ்சுவடி:
உங்கள் கேள்விக்கான சுவையான விடை அந்த எரிந்த மனையில்தான் இருக்கிறது. தீயணைந்த பிறகு அஸ்பியோர்ன் ஹெர்தெய்க் தலைமையில் அங்கே பல ஆண்டுகள் அகழாய்வு நடந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த கரித்தடங்கள் ஒவ்வொரு தீயையும் காலவரிசைப்படி காட்டிக்கொடுத்தன. கிடைத்தவற்றுள் முதன்மையானவை மரக்குச்சிகளில் செதுக்கிய ரூன் என்னும் பழைய வட ஐரோப்பிய எழுத்துப் பொறிப்புகள், அறுநூற்றுக்கும் மேற்பட்டவை. ரூன் என்றால் வீரர்களின் நடுகல் எழுத்து என்று எண்ணியிருந்தவர்களுக்கு, 14ஆம் நூற்றாண்டிலும் சாதாரண மக்கள் அதைச் சரக்கு மூட்டையில் உரிமையாளர் பெயர் கட்டவும், கடிதம் எழுதவும் பயன்படுத்தினார்கள் என்பதை இவை காட்டின. ஒரு குச்சியில் இருப்பது இவ்வளவுதான்: ‘கீதா சொல்கிறாள், நீ வீட்டுக்குப் போ.’ (இங்கே கீதா என்பது நார்வேப் பெண்பெயர்.) அகழ்ந்த இடத்திலேயே 1976இல் பிரிகன் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது, 12ஆம் நூற்றாண்டுக் கட்டட அடித்தளங்களை அவை கிடந்த இடத்திலேயே பார்க்கலாம்.

அதே மனையின் மற்றொரு பகுதியில் பின்னர் ஒரு விடுதி எழுந்தது. அதன் அடித்தளப் பணிகளால் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்து, ஈரத்தில் நூற்றாண்டுகளாகக் கெடாமல் கிடந்த மரங்கள் காற்றுப் பட்டு மக்கத் தொடங்கின. மேலே நின்ற வீடுகளும் கீழிறங்கின. மழைநீரை மீண்டும் மண்ணுக்குள் செலுத்தி நீர்மட்டத்தை உயர்த்திய பிறகே இறக்கம் தணிந்தது. சாய்ந்து நிற்கும் சுவர்களைக் கண்டு ‘எவ்வளவு பழமை!’ என்று வியப்பவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை.

நெய்தல்:
தாயாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துறையோரப் பாதை சமதளம். சந்துகளில் பலகைத்தளம் மேடுபள்ளமாக இருக்கும், மழையில் வழுக்கும். பேர்கனில் ஆண்டுக்கு இருநூறு நாட்களுக்கு மேல் மழை பெய்கிறது என்பதால் குடையைவிட நல்ல பிடிமானமுள்ள காலணியே முக்கியம். மேல்தளத்துக்குச் செல்லும் படிகள் செங்குத்தானவை, அவற்றைத் தவிர்த்துவிடலாம். விமான நிலையத்திலிருந்து நகர டிராமில் ஏறி பீபார்க்கன் நிறுத்தத்தில் இறங்கினால் பிரிகனுக்குச் சுமார் பத்து நிமிட நடை.

முதல் நாள் பிற்பகலில் ஓய்வெடுத்துவிட்டு இரவு உணவுக்குப் பின் புறப்படுங்கள். ஜூன் இறுதியில் 11 மணிக்குப் பிறகுதான் சூரியன் மறைகிறது, கூட்டமும் கலைந்திருக்கும். மறுநாள் காலை அருங்காட்சியகம், அதையடுத்து மரியா தேவாலயத்தின் அருகிலுள்ள ஷொட்ஸ்டுவனே. வணிகர்கள் நெருப்பு மூட்டிக் குளிர்காயவும், கூடி உண்ணவும், பயிற்சிச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லவும் பயன்பட்ட கூடங்கள் அவை. ஃபின்னகார்டனில் இருக்கும் ஹன்சா அருங்காட்சியகம் சீரமைப்புக்காக 2018இல் மூடப்பட்டது. திறந்துவிட்டதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் துறைக்கு நேர் எதிரே உள்ள ஸ்திராண்ட் கரைக்குச் செல்லுங்கள். அங்கே தாயார் உட்கார்ந்தபடியே வரிசை முழுவதையும் பார்க்கலாம்.