மெட்ராஸ் ஒட்டு மாடியில் நாமே சோலார் போடலாமா?

பெரம்பூர் மாடிவீடு:

எங்களுடையது தாத்தா காலத்து மெட்ராஸ் ஒட்டு வீடு. மேலே 400 சதுர அடி மொட்டை மாடி. ஒரு ஏசி, நாலு ஃபேன், ஃபிரிட்ஜ், அரை எச்பி மோட்டார். 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரியோடு 12 வோல்ட் இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருக்கிறது. போன இரண்டு மாத ஈபி ரீடிங் 540 யூனிட்.

யூடியூபில் ஒருவர் சோலார் செல் வாங்கி வீட்டிலேயே பேனல் செய்கிறார், பிவிசி பைப்பை அறுத்து மாடியில் காற்றாடி வைக்கிறார், இனி கரண்ட் பில்லே வராது என்கிறார். எனக்கு சால்டரிங் வரும், டிரில் மெஷின் இருக்கிறது. கையில் 25,000 ரூபாய். எங்கே ஆரம்பிப்பது?

மடிப்பாக்கம் குமார்:

பில்லைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் 2024-இல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தைப் பாருங்கள். நான் 3 கிலோவாட் போட்டேன், மானியம் 78,000 ரூபாய். நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வருகிறது. 300 சதுர அடி நிழல் இல்லாத இடம் வேண்டும். பதிவு பெற்ற ஆள் போட்டால்தான் மானியம், நாம் ஈபிக்கு அனுப்பும் யூனிட்டையும் கணக்கெடுக்கும் நெட் மீட்டர் எல்லாம். நாமே கட்டியதை ஈபி லைனில் சேர்க்கவே கூடாது.

ஒரு குறை உண்டு. கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறும் லைன்மேனுக்கு நம் வீட்டுக் கரண்ட் ஷாக் அடிக்கக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். போன ஐப்பசியில் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கிறது, லைனில் கரண்ட் இல்லை, மேலே 3 கிலோவாட், கீழே நான் விசிறி மட்டையோடு!

பழைய ஒயர்மேன்:

தம்பி, நான் அயனாவரம். ஐசிஎஃப் ரயில் பெட்டி ஆலையில் 31 வருடம் ஒயரிங் வேலை. அப்போது நாங்கள் செய்த ரயில் பெட்டியில் லைட், ஃபேன் எல்லாம் 110 வோல்ட் டிசி, அதாவது பேட்டரி மாதிரி ஒரே திசையில் ஓடும் கரண்ட், அதனால் பேட்டரி என்றால் பயம் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் சோலாரில் கையைச் சுட்டுக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் காற்றாடியை மறந்துவிடுங்கள். காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் சக்தி பாதி ஆகாது, எட்டில் ஒரு பங்கு ஆகிவிடும். காற்றாலைகள் நிற்கிற முப்பந்தலில் கணவாய் வழியாக வருகிற காற்று வேறு, நாலு பக்கமும் மாடி வீடு சூழ்ந்த பெரம்பூரில் துணி உலர்த்துகிற காற்று வேறு. பேனல் செய்வதும் வேண்டாம். செல்லுக்கு ஈயம் பற்ற வைப்பது பெரிய விஷயமில்லை, ஈரம் புகாமல் அடைப்பதுதான் வித்தை. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓரத்தில் தண்ணீர் கோத்து ஒரே மழைக்காலத்தில் கறுத்துவிடும்.

உங்கள் ரீடிங்கைப் பார்த்தேன். 2024 ஜூலைக் கட்டணப்படி 500-ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே 101-ஆவது யூனிட்டிலிருந்து கிடைக்கிற சலுகை விலையும் போய்விடும். 540-க்கும் 500-க்கும் வித்தியாசம் 40 யூனிட், ஆனால் பணத்தில் 600 ரூபாய்க்கு மேல். அந்த 40-ஐப் பிடிக்க மாடிக்கே ஏற வேண்டாம். ஃபேனைப் பாருங்கள். பழைய ஃபேன் 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் புது மாதிரி பிஎல்டிசி ஃபேன் 30 வாட். ராத்திரி மூன்று ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலேயே மிச்சம். இரண்டு மாதத்தில் 60-ஐத் தாண்டும். மூன்று ஃபேன் ஒன்பதாயிரம் ரூபாய் ஆகும். மீதிப் பணத்தில் சோலார்.

இப்போது என் கதை. மூன்று வருடத்துக்கு முன் 335 வாட் பேனல் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் கூடவே, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் வைக்க ஒரு பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் கொடுத்து, போதும் சார், இதுவே ஓடும் என்றார். ஓடியது. சித்திரை வெயில், உச்சி நேரம், கிளாம்ப் மீட்டரைப் போட்டால் எட்டரை ஆம்பியர். பேட்டரி 13 வோல்ட். பெருக்கிப் பார்த்தேன், 110 வாட். மீட்டர்தான் பழுது என்று இன்னொன்று இரவல் வாங்கிவந்தேன். அதுவும் அதையே சொன்னது. பேனல் முழுச் சக்தியைத் தருவது 38 வோல்ட்டில். பிடபிள்யூஎம் அதைப் பேட்டரி வோல்ட்டுக்கு இழுத்துப் பிடித்து வைக்கும், மீதி 25 வோல்ட் பயன்படாமலே போகும். முப்பது வருடம் டிசி பார்த்தவனுக்கு இது உறைக்க ஒரு வாரம் ஆயிற்று. அந்த மீதி வோல்ட்டையும் ஆம்பியராக மாற்றித் தரும் எம்பிபிடி கன்ட்ரோலர் மாற்றிய அன்றே அதே கம்பியில் 20 ஆம்பியர்.

இரண்டாவது கூத்து, இன்வெர்ட்டர். கரண்ட் இருக்கும்போதெல்லாம் அது ஈபியிலேயே பேட்டரியை நிரப்பிவிடும். காலையில் சூரியன் வந்து பார்த்தால் பேட்டரி ஃபுல், பேனலுக்கு வேலையே இல்லை. ராத்திரி ஃபேன்களைப் பேட்டரியில் ஓட்டி, காலையிலும் இன்வெர்ட்டருக்குப் போகும் மெயின்ஸை அணைத்து வைத்தால்தான் வெயில் உள்ளே இறங்கும். நான் டைமர் போட்டிருக்கிறேன். பேட்டரியில் 1,800 வாட் அவர் இருந்தாலும் பாதிக்கு மேல் உறிஞ்சாதீர்கள், ஆயுசு குறையும். அந்தப் பாதியில் மூன்று பிஎல்டிசி ஃபேனும் ஒரு லைட்டும் விடிகிற வரை ஓடும். ஏசி, மோட்டார் பக்கம் போக வேண்டாம்.

டிசி பக்கம் சாதாரண எம்சிபி (கோளாறு வந்தால் தானாக விழும் சுவிட்ச்) போடாதீர்கள். ஈபி லைனில் வருகிற ஏசி கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், பொறி அதிலேயே அணையும். டிசி தொடாது, பொறி பிடித்தால் உருகும் வரை விடாது. டிசி எம்சிபி என்று கேட்டே வாங்குங்கள். பேட்டரி பிளஸ்ஸை ஒட்டி ஒரு ஃபியூஸ், ஃப்ரேமுக்கு எர்த்.

உங்கள் மெட்ராஸ் ஒட்டில் டிரில் வைக்கவே வைக்காதீர்கள். தேக்குக் கட்டைமேல் செங்கல்லை நெடுக்காக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டிய கூரை அது, ஒரு போல்ட் இறங்கினால் ஒழுகுகிற இடம் கண்டுபிடிக்க முடியாது. பேனல் 22 கிலோதான். பெயின்ட் டப்பாவில் கான்கிரீட் ஊற்றிக் கால்களை நிறுத்தி, கைப்பிடிச் சுவரோடும் சேர்த்துக் கட்டுங்கள். நாலு காலும் கீழே சுவர் வருகிற இடத்தில் நிற்கட்டும். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று எங்கள் தெருவில் சின்டெக்ஸ் டேங்கே உருண்டு போயிற்று.

திருவான்மியூர் அலை:

ஒயர்மேன் ஐயா சொன்னதோடு ஒன்று. போல்ட், நட்டு எல்லாம் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) வாங்குங்கள். எங்கள் பக்கம் உப்புக் காற்றில் சாதாரண போல்ட் ஒரே வருடத்தில் துருப்பிடித்து ஸ்பேனரே பிடிக்கவில்லை. அப்புறம் காக்கா எச்சம். பேனலில் ஓர் ஓரத்தில் காய்ந்து கிடந்தாலே கரண்ட் இறங்கும். விடியற்காலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றித் துடையுங்கள், உச்சி வெயிலில் கொதிக்கிற கண்ணாடிமேல் ஊற்ற வேண்டாம்.

பெரம்பூர் மாடிவீடு:

எல்லோருக்கும் நன்றி. ஃபேன் முதலில், அது முடிவாகிவிட்டது. பேனல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? மாடியின் வடமேற்கில் டேங்க் இருக்கிறது, வடக்கே இருப்பதால் நிழல் விழாது என்று நினைக்கிறேன். சரியா ஐயா?

பழைய ஒயர்மேன்:

பாதி சரி. தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்வு போதும், மழையில் தூசி வழிந்தால் சரி. ஆனால் சென்னையில் சித்திரை நடுவிலிருந்து ஆடி முடியும் வரை மத்தியான சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மாலை வெயிலில் அந்த டேங்க் கொஞ்சம் விளையாடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு 9 மணி, 12, 3-க்கு மேலே போய் நிழல் ஓரத்தைக் கோடு போடுங்கள். கோடே விழாத இடம் எதுவோ அங்கே வையுங்கள்.

பெரம்பூர் மாடிவீடு:

கோடு போட்டாயிற்று ஐயா. நிழலே விழாத இடம் தென்கிழக்கு மூலையில் பத்துக்கு எட்டு அடி. சிக்கல் என்னவென்றால், அம்மா முப்பது வருடமாக வடாம் காயப்போடுவது சரியாக அங்கேதான்.

பழைய ஒயர்மேன்:

சாக்பீஸே வேண்டாம், அம்மாவைக் கேட்டிருக்கலாம். பேனல் ஆறரைக்கு மூன்றேகால் அடிதான். மூலையை ஒட்டி வைத்து மீதியை அவருக்கு விடுங்கள். உயர்த்திக் கட்டிக் கீழே வடாம் போடலாம் என்று மட்டும் சொல்லிப் பார்க்காதீர்கள், அங்கே நிழல்தான் இருக்கும்.

பெரம்பூர் மாடிவீடு:

அதைத்தான் சொல்லிவிட்டு இப்போது கீழே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.