மஞ்சளா வெள்ளையா? ஸ்வீட் குளோவர் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஸ்கார்பரோவாசி:
ஸ்வீட் குளோவர் எண்டது இங்க கனடாவில காடாயும் வளருற, மாட்டுத் தீவனத்துக்கும் விதைக்கிற பூச்செடி. போன ஜூன் கடைசியில ரயில் பாதையோரம் மஞ்சளும் வெள்ளையும் ரெண்டும் கலந்து நிண்டது. மஞ்சள் பூத்து முடியிற நேரம், வெள்ளை இப்பதான் விரியுது. மகளின்ர பள்ளிக்கூட வேலைக்காக ஒவ்வொரு கொப்பு முறிச்சுப் பேப்பருக்குள்ள அமத்தி வைச்சன். பெயர் எழுதேல்ல, நிறமே சொல்லும்தானே எண்டு. மூண்டு மாசம் கழிச்சுத் திறந்தா ரெண்டும் ஒரே வெளிறல். "அப்பா, இதில எது மஞ்சள்?" எண்டு கேட்டாள். என்னால சொல்ல முடியேல்ல. வனிலா மாதிரி அந்த வாசம் மட்டும் ரெண்டிலயும் அப்பிடியே கிடந்தது.

சஸ்காட்சுவான் தேனீக்காரி:
அண்ணா, நிறத்தை நம்பினதுதான் தப்பு. காய்ஞ்சா மஞ்சள் வெளிறிடும். தேன்பெட்டி வெச்ச முதல் வருஷம் நானும் குழம்பினேன். வெள்ளைதான் உயரம்னாங்க, எங்க சரளை மேட்டுல ரெண்டும் முழங்கால் அளவுதான். மஞ்சள் பத்துப் பதினாலு நாள் முந்திப் பூக்கும், சரி. ரெண்டும் சேர்ந்து நிக்கிற வாரத்துல அது உதவாது. காயைப் பாருங்க. மஞ்சளோட காய்ல குறுக்கு மடிப்பு ஓடும், வெள்ளையில வலை மாதிரி நரம்பு. பூவுல மேலிதழைப் பாருங்க. வெள்ளையில அது பக்க இதழ்களைத் தாண்டி நீளும், மஞ்சள்ல கிட்டத்தட்ட சமம். ஒரு லென்ஸ் வாங்கிக்கோங்க. தேதி, இடம், நிறம் எழுதாம எதையும் அமுக்காதீங்க.

மனிடோபா மாட்டுக்காரன்:
மேலே எழுதினவங்களோட நான் ஒத்துப்போகல. எது எதுன்னு பிரிக்கிறதைவிட, பூஞ்சணம் பிடிச்சிருக்கான்னு பார்க்கிறதுதான் முக்கியம். நான் வேலை பார்த்த பண்ணையில ஒரு கன்னுக்குக் கொம்பு அறுத்தோம். ரத்தம் நிக்கல. துணியை வெச்சு அழுத்தினேன், விரலிடுக்குல வழிஞ்சுக்கிட்டே இருந்தது, தண்ணி மாதிரி. விடியறதுக்குள்ள கன்னு போயிடுச்சு. தின்னது பூஞ்சணம் பிடிச்ச, காய்ஞ்ச ஸ்வீட் குளோவர் தீவனக் கட்டு. ரெண்டு வகையிலயும் கூமரின்னு ஒரு வேதிப்பொருள் இருக்கு, அண்ணன் சொன்ன வாசமே அதுதான். பூஞ்சணம் அதை டைகூமரால்ங்கிற விஷமா ஆக்கிடும், வைட்டமின் கே வேலை செய்யாது, ரத்தம் உறையாது. ஒன்டாரியோவுல ஸ்கோஃபீல்ட்ங்கிற கால்நடை மருத்துவர் 1920களிலேயே கண்டுபிடிச்சுச் சொன்னது. 1939ல அமெரிக்காவுல விஸ்கான்சின்ல கார்ல் லிங்க்ங்கிற விஞ்ஞானியோட ஆய்வகத்துல அந்த டைகூமராலைப் பிரிச்செடுத்தாங்க, ரத்தம் கட்டாம இருக்கத் தர்ற வார்ஃபரின் மாத்திரை அந்த வழியில வந்ததுதான். விதைக்கிறவங்க கூமரின் குறைஞ்ச ரகமா வாங்குங்க. மஞ்சள்ல நோர்கோல்ட், வெள்ளையில பொலாரா. கட்டு ஈரமா இருந்தா மாட்டுக்குப் போடவே போடாதீங்க. கொம்பு அறுக்க, காயடிக்கச் சில வாரம் முன்னாடியே நிறுத்திடுங்க.

ஸ்கார்பரோவாசி:
தங்கச்சி, லென்ஸ் வைச்சுப் பாத்தன். ஒரு கொப்பின்ர அடியில ரெண்டு காய் ஒட்டிக்கொண்டு கிடந்தது. குறுக்கால மடிப்பு. மகளைக் கூப்பிட்டுக் காட்டினன். பென்சிலால 'மஞ்சள்' எண்டு எழுதி வைச்சிருக்கிறாள்.