ஏசி ஓடுது, ரூம் குளிரல... உங்க வீட்ல என்ன பிரச்சனையா இருந்துச்சு?

மேடவாக்கம் மாடிவீடு:
வணக்கம் மக்களே. கத்திரி வெயில் ஆரம்பிச்சாலே வீட்டுக்கு வீடு இதே பாட்டுதான், ஏசி ஓடுது ஆனா கூலிங் இல்ல. நாங்க பட்ட பாட்டைச் சொல்றேன், உங்களுக்கு என்ன ஆச்சுன்னு நீங்களும் எழுதுங்க, படிக்கிற யாருக்காவது மூவாயிரம் ரூபா மிச்சமாகட்டும்.

எங்களது ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட், உள்ள குளிர வைக்கிற கேஸ் ஆர்32. ஏப்ரல் வரைக்கும் ஜம்முனு ஓடிட்டிருந்தது, மே பொறந்ததும் 18ல வச்சாலும் விடிய விடிய வெறும் காத்துதான். ஆப்ல புக் பண்ணோம், ஒரு தம்பி வந்தாரு, நேரா வெளிய இருக்கிற அவுட்டோர் யூனிட்ல பிரஷர் பார்க்கிற கேஜை மாட்டினாரு, "சார் கேஸ் போச்சு"ன்னாரு. எங்க தம்பி போச்சுன்னு கேட்டா "ஓட ஓட குறையும் சார், வருஷா வருஷம் போடணும்"ங்கறாரு. மூவாயிரத்துச் சொச்சம் வாங்கிட்டு டாப்அப் பண்ணிட்டுப் போயிட்டாரு. அன்னிக்கு ராத்திரி போர்வை தேடினோம், பொய் சொல்லக்கூடாது. ஆனா கொஞ்ச நாள்லயே பழைய குருடி கதவைத் திறடி. திரும்ப கம்ப்ளெயின்ட் பண்ணா வேற தம்பி வர்றாரு, அவரும் கேஸ் போச்சுங்கறாரு.

அப்புறம்தான் மாமனார் தெருவுல ஃபிரிட்ஜ், ஏசி எல்லாம் பார்க்கிற பெரியவர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தோம். மனுஷன் கேஜையே வெளிய எடுக்கல. ரிமோட்டை வாங்கி எந்த மோட்ல இருக்குன்னு பார்த்தாரு, மூடியத் தூக்கி ஃபில்டரை உருவினாரு, டார்ச் அடிச்சு உள்ள ப்ளோயர்ல அழுக்கு அப்பியிருக்கான்னு பார்த்தாரு. எல்லாம் சுத்தம். மாடிக்குப் போயி அவுட்டோர் பக்கத்துல குத்தவச்சு உக்காந்துட்டாரு. ரெண்டு செம்புக்குழாய் வருதுல்ல, மெல்லிசு ஒண்ணு தடி ஒண்ணு. மெல்லிசுல வெள்ளையா ஐஸ் பூத்திருக்கு, சில்லுனு இருக்க வேண்டிய தடிக்குழாய் வெதுவெதுன்னு இருக்கு. "கேஸ் கம்மிதான், பசங்க பொய் சொல்லல, ஏன் கம்மின்னுதான் பார்க்கல"ன்னாரு. குழாய் வால்வுல சேர்ற இடத்துல ஒரு பித்தளை நட்டு, அதைச் சுத்தி மட்டும் கருப்பா பிசுக்கு, மேல தூசி ஒட்டிக்கிட்டு. கேஸோட கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து ஓடுமாம், கேஸ் எங்க கசியுதோ அங்க எண்ணெயும் பொசிஞ்சு தூசியைப் புடிச்சுக்குமாம். ஏசியை ஆஃப் பண்ணச் சொல்லிட்டு, பாத்திரம் தேய்க்கிற லிக்விடை ஒரு கிண்ணத்துல நுரை கட்ட கலக்கி ஸ்பாஞ்சால நட்டு மேல அப்பினாரு. ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் நட்டுக்கு அடியில கடுகளவு ஒரு குமிழி வந்து மெதுவா பெருசாகி உடைஞ்சு, அதே இடத்துல இன்னொண்ணு.

கழட்டிப் பார்த்தா குழாயோட வாயை விரிச்சிருக்கிற இடத்துல மயிரிழை விரிசல். வீடு மாறும்போது கழட்டி மாட்டினவங்க ஓவரா முறுக்கியிருக்காங்கன்னாரு. அந்தத் துண்டை வெட்டிட்டு புதுசா வாயை விரிச்சு (அதுக்குப் பேரு ஃப்ளேர்), நைட்ரஜன் ஏத்தி லீக் இல்லன்னு உறுதி பண்ணி, குழாய்க்குள்ள இருக்கிற காத்தை உறிஞ்ச வேக்கம் பம்ப்பை அரைமணிக்கு மேல ஓடவிட்டு, அவுட்டோர் லேபிள்ல எத்தனை கிராம் போட்டிருக்கோ அத்தனையும் சிலிண்டரைத் தராசுல வச்சு அளந்து ஏத்தினாரு. அடுத்த கோடையும் வந்து போயிடுச்சு, கேஸ் பேச்சே எடுக்கல.

உப்பளத்து அக்கா:
உங்களுக்கு நட்டோட போச்சு தம்பி, எங்களுக்குக் காயிலே போச்சு. தூத்துக்குடி, கடல் கூப்பிடு தூரம். அவுட்டோருக்குப் பின்னால வரிவரியா அலுமினியத் தகடு இருக்குல்லா, விரலை வச்சா பொடிப்பொடியா உதிருது. அந்தத் தகடு வழியாத்தான் ரூம் சூடு வெளிய போவணும், அது அரிச்சுப் போச்சுன்னா கேஸ் ஃபுல்லா இருந்து என்ன பிரயோஜனம், கம்ப்ரசர் கெடந்து முக்கும், கரண்ட் பில் ஏறும், ரூம் மட்டும் குளிராது. காயில் மாத்த சொன்ன விலையக் கேட்டுட்டு புது ஏசியே வாங்கிட்டோம். கடல் பக்கம் இருக்கவங்க கோட்டிங் போட்ட காயிலான்னு கேட்டு வாங்குங்க. கோட்டிங் இருந்தாலும் மெயினை ஆஃப் பண்ணிட்டு அப்பப்போ நல்ல தண்ணிய மெதுவா அடிச்சு உப்பைக் கழுவி விடணும். போர் தண்ணி உப்பா இருந்தா அதை ஊத்தாதீங்க! பக்கத்து வீட்டு மாமா வாராவாரம் அதைத்தான் அடிக்காவ, சொன்னா கேக்க மாட்டேங்காவ.

திருப்பூர்காரன்:
எங்க வீட்ல கேஸும் இல்லைங்க, காயிலும் இல்லைங்க, கரண்ட்டு. பழைய நான் இன்வெர்ட்டர் ஏசி. மத்தியானம் போட்டா நல்லா குளிருது, ராத்திரி பத்து மணிக்கு மேல இன்டோர்ல காத்து மட்டும் வருது. வெளிய போயி காது குடுத்துக் கேட்டா கம்ப்ரசர் உம்முனு ஒரு முனகல், அப்புறம் டக்குனு ஒரு சத்தம், அமைதி, கொஞ்ச நேரங்கழிச்சு மறுபடியும் உம். வந்தவரு கம்ப்ரசர் போயிருச்சுன்னு பெரிய தொகையா சொல்லிட்டாருங்க. பகல்ல ஓடற கம்ப்ரசர் ராத்திரி மட்டும் எப்படிங்க போகும்னு எங்கப்பாதான் ஸ்டெபிலைசரைப் போயி பார்த்தாரு, உள்ள வர்ற வோல்டேஜே 165 காட்டுது. தெருவே ஏசி போடற நேரம், வோல்டேஜ் படுத்துருது, கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆக முடியாம ஓவர்லோடுல கட் ஆகுது. மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம் 94987 94987க்கு போன் போட்டு கம்ப்ளெயின்ட் குடுத்தோம், லைன்மேன் வந்து பார்த்தா போஸ்ட்ல இருந்து எங்க வீட்டுக்கு வர்ற ஒயர் ஜாயின்ட்டு கருகிக் கிடக்குது. அதை வெட்டி புதுசா போட்டதோட சரி, கம்ப்ரசர் இன்னிக்கும் அதே கம்ப்ரசர்தானுங்க.

அம்பத்தூர் மெக்கானிக்:
நான் ஜன்னல் ஏசி காலத்துலேருந்து இதே தொழில்தான். மேடவாக்கம் சார் சொன்ன பெரியவர் பண்ணதுதான் சரியான வேலை. கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓட தீர்றதுக்கு? அது மூடின குழாய்க்குள்ள சுத்திச் சுத்தி வருது, லீக் இல்லன்னா பத்து வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும். குறைஞ்சிருக்குன்னா எங்கயோ ஓட்டை இருக்கு, அதைக் காட்டாம டாப்அப் பண்றவங்களை அனுப்பி வச்சிடுங்க.

கேஜ் விஷயமும் சொல்லிடறேன். பழைய ஆர்22 ஏசில ஓடும்போது 60, 70 பிஎஸ்ஐ பிரஷர் காட்டும். ஆர்32, ஆர்410ஏ எல்லாம் பிரஷர் ஜாஸ்தி, நூறைத் தாண்டித்தான் நிக்கும். அதுலயும் இன்வெர்ட்டர் ஏசி கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைச்சு ஓடும், முள்ளும் அதுக்குத் தகுந்தாப்புல ஆடும். அதனால "பாருங்க சார் முள்ளு இறங்கியிருக்கு"ன்னு காட்டினா மட்டும் நம்பிடாதீங்க. எனக்கு முதல் கருவி ஒரு சாதா டிஜிட்டல் தெர்மாமீட்டர். கால்மணி நேரம் ஏசியை ஓடவிட்டு, மேல காத்து உள்ள போற இடத்துல ஒருதரம், கீழ காத்து வெளிய வர்ற இடத்துல ஒருதரம் பார்ப்பேன். பத்து டிகிரி பக்கம் வித்தியாசம் இருந்தா மெஷின் அது வேலையைச் செய்யுது, ரூமைப் பாருங்கன்னுடுவேன். மேற்குச் சுவத்துல வெயில், மேல மொட்டைமாடி காங்கிரீட், சாயங்காலம் தோசைக்கல்லு மாதிரி சூடேறி நடுராத்திரி வரைக்கும் உள்ள இறக்கும். அந்த ரூமுக்கு ஒரு டன் போட்டுட்டு கூலிங் பத்தலன்னா ஏசி என்ன பண்ணும்? ஒரு டன்னுங்கறது மணிக்கு 12,000 பிடியு (சூட்டை அளக்கிற கணக்கு) சூட்டை இழுத்து வெளிய தள்றது, அதுக்கு மேல சூடு வந்துட்டே இருந்தா அது தோத்துதான் போகும். மாடில வெள்ளை கூலிங் பெயின்ட் அடிச்சுப் பாருங்க, நிறைய வீட்ல ஏசியைத் தொடாமலே சரியாயிருக்கு.

வித்தியாசம் நாலு அஞ்சுதான் வருதுன்னா அப்போ மெஷினைப் பார்க்கணும். ஃபில்டர், ப்ளோயர், அவுட்டோர் காயில் அழுக்கு முதல்ல. பழைய நான் இன்வெர்ட்டர்னா கெப்பாசிட்டர், அது வீக் ஆனா கம்ப்ரசர் கிளம்பாது, சில நூறு ரூபா சமாச்சாரம், திருப்பூர் தம்பிக்கு வந்த மாதிரியே உம்னு சத்தம் வரும். கேஸெல்லாம் கடைசில. இன்னொண்ணு, ஆர்32 தீப்புடிக்கக்கூடிய கேஸ், ஆர்22 மாதிரி இல்ல. உள்ள கேஸ் இருக்கும்போதே வெல்டிங் கன்னைப் பத்தவைக்கிறவன், பீடியோட நிக்கிறவன், ரெண்டு பேரையும் பக்கத்துல விடாதீங்க. வீடியோ பார்த்துட்டு நீங்களும் இறங்காதீங்க.

ஃபிளாட் நம்பர் கேக்காதீங்க:
எங்க அபார்ட்மென்ட்ல ஏசி எல்லாம் நல்ல ஏசிதான், வீடு கட்டிக் குடுத்த பில்டர்தான் கோளாறு. அவுட்டோர் வைக்க ஒரு ஒடுக்கமான ஷாஃப்ட் விட்டிருக்காரு, எல்லா ஃப்ளோர் அவுட்டோரும் அதுக்குள்ளயே, போதாததுக்கு அழகுக்கு முன்னாடி சாய்வுப் பலகை வச்ச ஜன்னல். கீழ்வீட்டு சூடு மேல்வீட்டுக்கு, எதிர்வீட்டு சூடு எங்களுக்கு. மூணு மணிக்கு எங்க அவுட்டோர் விட்ட சூடான காத்தையே திரும்ப உள்ள இழுக்குது. அசோசியேஷன் மீட்டிங்ல சண்டை போட்டு அந்தப் பலகையைக் கழட்டினோம், அதுலயே நல்ல மாற்றம். எலிவேஷன் போச்சுன்னு இன்னும் ஒரு அங்கிள் பேசறதில்ல.

ராத்திரிப்பறவை:
எங்களுக்கு பல்லி. அவுட்டோர் போர்டுல ஏறி ஷார்ட் ஆகி அதுவும் போச்சு அந்த போர்டும் (பிசிபி) போச்சு. ஒயர் போற ஓட்டையை அடைச்சு வைங்க, அவ்ளோதான் என் கதை.

புது ஏசி புது டென்ஷன்:
எங்களுது எத்தனைல வச்சு ஆஃப் பண்ணாலும் கரண்ட் போயிட்டு வந்தா 24லயே வந்து நிக்குது, இதுவும் ரிப்பேரா?

மேடவாக்கம் மாடிவீடு:
இல்ல ப்ரோ, 2020 ஜனவரிலேருந்து ஸ்டார் லேபிள் ஏசிக்கு 24தான் டீஃபால்ட்னு ரூல். மாடலைப் பொறுத்து அப்படி வரும். வேணும்னா குறைச்சுக்கலாம்.

செங்கல்பட்டு அம்மா:
மெக்கானிக் தம்பி, எங்க இன்டோர்ல கூலிங் காயில் முழுக்க ஐஸ் கட்டிக்கிட்டு காத்தே வரல, ஆஃப் பண்ணா தரையெல்லாம் தண்ணி. கேஸ்தான்னு பையன் சொல்றான். என்னப்பா பண்றது?

அம்பத்தூர் மெக்கானிக்:
அம்மா, கத்தி கித்தி வச்சு ஐஸைச் சுரண்டிடாதீங்க, காயில் கிழிஞ்சிடும். கூலிங்கை நிறுத்திட்டு ஃபேன் மோட்ல மட்டும் விடுங்க, கீழ ஒரு துணி போட்டு வைங்க. முழுக்க உருகினதும் மெயினை ஆஃப் பண்ணிட்டு ஃபில்டரைக் கழட்டி வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. அந்தப்பக்கம் தெரியலன்னா காத்து போகாமத்தான் உறைஞ்சிருக்கு, கழுவி நிழல்ல காயவச்சு மாட்டுங்க. ஃபில்டர் சுத்தமா இருந்தும் திரும்ப ஐஸ் கட்டினா ஓட்டாதீங்க, கம்ப்ரசர் போயிடும். அப்போதான் கேஸா, ப்ளோயர் மெதுவா சுத்துதான்னு ஆள் வச்சுப் பார்க்கணும்.

செங்கல்பட்டு அம்மா:
கழட்டியாச்சுப்பா. ஃபில்டர்ல வெளிச்சமே தெரியல. பையன் கழுவிட்டிருக்கான், வாயைத் திறக்கல.