பிராங்கிளின் படத்தில் இருப்பது தொப்பியா, வேடமா?

செப்புத்தகடு: 1777இல் பிரெஞ்சு ஓவியர் கொஷேன் வரைந்து, செதுக்குக் கலைஞர் சேந்தொபேன் அச்சுக்காகச் செப்புத்தகட்டில் செதுக்கிய, அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் பிராங்கிளின் படத்தைப் பற்றி, அந்த உரோமத் தொப்பி பிரெஞ்சுக்காரர்களை மயக்குவதற்காகப் படத்துக்கென்றே மாட்டிய வேடம் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தது எனக்கு மிகுந்த எரிச்சலைத் தந்தது. 1777 பிப்ரவரி 8 அன்று தம் தோழி எம்மா தாம்சனுக்குப் பிராங்கிளின் எழுதிய கடிதத்தில், தம் தலைக்கு இருக்கும் ஒரே அணி அதுதான் என்றும், அது நெற்றியில் ஏறத்தாழ மூக்குக்கண்ணாடி வரை இறங்குகிறது என்றும் அவரே சொல்லியிருக்கிறார். அன்றாடம் அணிந்ததை வேடம் என்பது பழி.

மூலப்பிரதி: எழுதியவன் நான்தான். கடிதத்தைப் பாதியில் நிறுத்தியது ஏன்? பொடி பூசிய பாரிஸ் தலைகளுக்கு நடுவே தம் கோலம் எப்படித் தோன்றும் என்று எண்ணிப் பார்க்கும்படி அடுத்த வரியிலேயே அவர் கேட்கிறார். தம் தோற்றத்தின் பலனை அறிந்தவர் அணிந்தது வேடமேதான்.

செப்புத்தகடு: ‘படத்துக்கென்றே’ என்றுதானே எழுதினீர்கள்? அதற்குச் சான்று எங்கே?

அச்சுக்கூடம்: 1766இல் லண்டனில் ஓவியர் ஆலன் ராம்சே தீட்டிய தத்துவஞானி ரூசோவின் தலையிலும் உரோமத் தொப்பி உண்டு. பிராங்கிளினைப் பார்த்த பாரிஸ்காரர்களுக்கு அந்தத் தத்துவஞானி நினைவுக்கு வந்திருக்க மாட்டாரா? மேலும், இந்தப் படத்தைக் கொஷேன் படம் என்றுதான் சொல்ல வேண்டும். செதுக்கியவர் நகலெடுத்தவர் மட்டுமே.

செப்புத்தகடு: நகலெடுத்தவரா? உரோமத்தின் மென்மையையும் கண்ணாடி வில்லையின் ஒளியையும் வெறும் கோடுகளால் செம்பில் கொண்டுவந்த கையை இப்படிச் சிறுமைப்படுத்துவது உங்களுக்குப் புதிதல்ல. சென்ற மாதமும் செதுக்குக் கலைஞர்களைக் கூலிகள் என்று எழுதிவிட்டு, நான் கேட்டபோது பதில் சொல்லாமல் போனீர்கள். ரூசோவை இழுத்தாலும் ‘படத்துக்கென்றே’ என்பது நிலைநாட்டப்படவில்லை.

மூலப்பிரதி: 1778இல் ஓவியர் துய்ப்ளெசி தீட்டிய பிராங்கிளின் ஓவியத்தில் தொப்பியே இல்லையே! அதே ஆண்டு மார்ச் மாதம் பிரான்சின் பதினாறாம் லூயி மன்னரைக் காணப் போனபோதும் அவர் அந்த உரோமத் தொப்பியை அணிந்து போகவில்லை. வேண்டியபோது அணிந்து, வேண்டாதபோது கழற்றியதற்கு வேறு என்ன பெயர்?

செப்புத்தகடு: உலகில் எல்லோரும் தொப்பியை அப்படித்தான் அணிகிறார்கள், ஐயா. 1776 டிசம்பரில், எழுபது வயதைக் கடந்த நிலையில், அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் குளிரில் பிரான்சுக்கு வந்து இறங்கிய முதியவர் தலையை மூடிக்கொண்டார். மன்னர் முன்னிலையில், அரசவை வழக்கமான பொய்ம்முடிகூட வைக்காமல் நின்ற மனிதரை வேடதாரி என்கிறீர்களே!

மூலப்பிரதி: பொய்ம்முடி வைக்காததும் வேடத்தின் பகுதிதான். நேற்றும் அதைத்தான் சொன்னேன்.

செப்புத்தகடு: நேற்று நீங்கள் சொன்னது ‘படத்துக்கென்றே’. அந்தச் சொல்லை நீக்கும்வரை விடமாட்டேன்.

அச்சுக்கூடம்: கூலிகள் என்று நான் எழுதவே இல்லை. கூலிக்கு உழைத்தவர்கள் என்றுதான் எழுதினேன்.